கடைசி வரி கேட்காமல் இறக்கிவிட மாட்டேன்

என் ஆட்டோவில் தினமும் கல்முனை ஆஸ்பத்திரிக்கு வரும், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் நர்ஸ் தங்கச்சி, தங்கள் சர்ச் பாடகர் குழுவின் பாட்டைப் போடுவார். வயலினும் மேளமுமாக அப்படி ஒரு பாட்டு!

கடைசி வரிக்கு முன்னால் மட்டும் நிறுத்திவிடுவார்.

இன்று சொல்லிவிட்டேன்: "முடிவக் கேக்காம உங்கள இறக்கிவிட மாட்டன் புள்ள."

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவரே நிறுத்தினார், தப்பித்த சிரிப்போடு.

விடுவேனா? ஆஸ்பத்திரி வாசலில் பாங்கு முடியும்வரை இருந்து, திரும்பப் போட்டேன்.

கடைசி வரியில் ஒரு பெண்குரல் தனியாக எழுந்தது. தங்கச்சி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நீங்களா?"

"ஓம் நானா. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் முன்னால பாடவேணும். பயமாக்கிடக்கு, ஏலாது எண்டு சொல்லப்போறன்."

"சொல்லித்தான் பாருங்களன்!"

ஞாயிறு நானே ஏற்றிப்போய் சர்ச் வாசலில் நிற்பேன். ஆட்டோ ஸ்டாண்ட் நானாமாரே, அவர் தப்பி ஓடிவந்தால் ஒருவரும் ஏற்றக் கூடாது. சம்மதமா?