லொங்குய்ய் வீட்டு இரும்புக் கேத்தல்

எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் பொய் சொன்னார். நான் யாரையும் கேளாமல் ஒரு கனேடிய அம்மாவின் யப்பான் கேத்தலை உரஞ்சிக் கெடுத்தேன் என்று போன ஞாயிறு கூட்டத்தில் சொன்னாராம். அன்று நான் அங்கே இல்லை. நேற்று, 1987 மாசி மாதச் சனிக்கிழமை, அந்த வீட்டுக்கே போய்வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

காலை 8.20. நாங்கள் இருக்கும் வில்லரேயில் இருந்து புறப்பட்டோம். என் அறையில் இருக்கும் திருகோணமலைச் சிவராசா அண்ணையும் வந்தார். அவருக்குப் பிரெஞ்சு வரும். மெத்ரோ ரயிலுக்கு ஆளுக்கு ஒரு டொலர். பெரி நிலையத்தில் இறங்கி மஞ்சள் பாதைக்கு மாறினோம். நடுவில் ஒரே நிறுத்தம். ரயில் ஆற்றுக்கு அடியால் அக்கரை லொங்குய்க்கு ஓடுகிறது. பார்க்க ஒன்றுமில்லை, சுவர்தான்.

"அண்டைக்கு வீட்டு வேலைக்குப் போனவன் பழப்புளியும் கொண்டோ போறது?" என்றார் அண்ணை.

"அவையிட்டப் புளி இராதெண்டு தெரியும்தானே."

"அந்த அறிவு இருந்திருக்கு."

என்னை அந்த வீட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டதும், அந்த அம்மா சொன்னதைத் தமிழில் எனக்குச் சொன்னதும் செயலாளர்தான். முதல் நாள் என்னை விட்டுவிட்டுப் போகும்போது சுவர்த் தட்டிலிருந்த கேத்தலைக் காட்டி, "கறள் பிடிச்சுக் கிடக்கு. மினுக்கி வையும், மனிசி சந்தோசப்படும்" என்றார். அதற்கு மூக்கில்லை. பலாப்பழத் தோல் மாதிரி உடம்பெல்லாம் முள்ளு. பிறகு ஒரு நாள் கொண்டுபோன புளி, உப்பு, இரும்புத் தும்பு போட்டு உள்ளும் புறமும் தேய்த்தேன். பளபளத்தது. அந்த அம்மா பார்த்துவிட்டு அழுதார். அன்றே என்னை நிறுத்தினார்.

9.30. கதவைத் திறந்த அந்த அம்மா எங்களைக் குசினிக்குள் விட்டார். கேத்தல் மேசையில் இருந்தது. நான் தேய்த்த பிறகுதான் அதில் செம்மஞ்சள் கறள் பிடித்திருந்தது. அவர் சொன்னதை அண்ணை தமிழில் சொன்னார்.

"யப்பானில தேத்தண்ணிச் சடங்குக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறதாம். நூறு வருசத்துக்கு மேல. செத்துப்போன புருசன் வாங்கினது. அந்தக் கறுப்பும் உள்ளுக்கிருந்த வெள்ளைப் படையும்தான் அதின்ர பெறுமதியாம். இனி வராதாம்."

எங்கள் வீடுகளில் சட்டி கறுத்திருந்தால் அது சோம்பல். அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். அது என் பிழை. மன்னிப்புக் கேட்டேன். செயலாளர் சொல்லித்தான் செய்தேன் என்பதையும் அண்ணையைக் கொண்டு சொன்னேன்.

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னார்.

"தட்டில இருக்கிறதைத் தொடவேண்டாமெண்டு முதல் நாளே அவரிட்டச் சொன்னவவாம். அதை உமக்குச் சொன்னதெண்டும் நீர்தான் கேக்கேல்லை எண்டும் அவர் சொல்லியிருக்கிறார்."

அடுத்த மாதம் என் அகதி விசாரணை. வேலை கொடுத்தவரின் கடிதம் ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். நான் வேலை செய்த ஒரே வீடு இது. கடிதம் கேட்டோம்.

"ஆர் பொய் சொல்லுறதெண்டு தெரியாமல் நல்லவன் எண்டு எழுதமாட்டாவாம். அவர் ஒப்புக்கொண்டால் எழுதுவாவாம்."

10.15. வெளியே வந்தோம். குளிர், சைபருக்குக் கீழே பதினெட்டு.

செயலாளர் அவர்களே, என்னைத் தனியே கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். என்மேல் பழி போட்ட அதே கூட்டத்தில், வரும் ஞாயிறு, எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். தொட வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னதை ஏன் எனக்கு மறைத்தீர்கள்?