இடது கண்பட்டை

முதலில் கண்ணீர்தான் வந்தது. செவலையின் இடது கண்ணிலிருந்து வழிந்து, கன்னத்து மயிரை நனைத்து, காய்ந்து உப்புக் கோடாக நின்றது. அதில் ஈ மொய்த்தது. காலையில் ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். சாயங்காலம் வண்டி திரும்பும்போது அதே இடத்தில் அதே கோடு இருக்கும்.

செவலை என் கொழுந்தன் முருகையாவின் பெண் குதிரை. சின்ன வயதில் கொல்கத்தா ரேஸில் ஓடியவள். அப்போது என் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஜெயித்த நாளில் கழுத்தைத் தட்டிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட பெரிய மனிதர்கள், கால் தளர்ந்ததும் யார் கொண்டுபோனாலும் சரி என்று கைகழுவினார்கள். நல்ல குடும்பத்து மனிதர்கள் என்று சொல்வார்கள். இருக்கட்டும். முருகையா அவளைக் கொண்டுவந்து, வெள்ளித் தகடு அடித்த வண்டியில் பூட்டி, மைதானத்தை ஒட்டிய விக்டோரியா நினைவு மண்டபத்தின் முன்னால் சவாரி விட்டான்.

துறைமுகத்துப் பக்கம் கார்டன் ரீச்சில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவளைக் கட்டுவான். என் வீட்டுக்காரர் ரேஸ் லாயத்தில் குதிரை பார்த்தவர். அவர் போன பிறகு கொட்டகை என் பொறுப்பு. தீனி வைப்பதும் லத்தி அள்ளுவதும் நான்தான்.

"கண்ணுல என்னமோ இருக்கு முருகையா. டாக்டர்ட்ட காட்டு" என்றேன்.

"தூசி மதினி. மைதானத்துல பறக்காத புழுதியா?"

"வண்டியை வலப்பக்கமாவே இழுக்குதாளே, அதுவும் தூசியா?"

"அது ரேஸ் பழக்கம். இந்த ஊர்ல குதிரை வலப்பக்கம் திரும்பித்தான் சுத்தி ஓடும். ரத்தத்துல ஊறினது போகுமா? அண்ணன் இருந்தா உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருப்பாரு."

சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சவாரிக்கு வருகிறவர்களிடமும் இதைக் கதையாகச் சொன்னான். செவலை பயந்துபோய் வலப்பக்கம் ஒதுங்கும்போதெல்லாம், இன்னும் ரேஸ் ஓடுகிறாள் என்று வண்டியில் இருந்தவர்கள் கைதட்டினார்களாம். படித்தவர்கள்தான்.

தெரு நாய்களுக்கு ஊசி போட எங்கள் பக்கம் ஒரு பெண் டாக்டர் வந்தாள். வங்காளிப் பெண். அவளைக் கையோடு கொட்டகைக்கு அழைத்துவந்தேன். அவள் செவலையின் இடது கண்ணருகே கையை வீசிப் பார்த்தாள். இமை அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; சித்தி என்று அர்த்தமுள்ள மாஷிமாவை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"இந்தக் கண்ணு போயிருச்சு மாஷிமா. எத்தனை நாளா வலி?"

"அவ சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

"குதிரை வலியைக் காட்டிக்காது. காட்டினா புலி அடிச்சிரும்னு அதுக்குள்ள இன்னும் ஒரு பயம் இருக்கு."

"இங்க எங்கம்மா புலி. வண்டிக்காரன்தான் இருக்கான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நோய்க்கு யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் இருக்கும் சவ்வு வீங்கிச் சிவந்துபோவது) என்று பெயர் சொன்னாள். வரும், தணியும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் பார்வையில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகும். இடது கண்ணைத் தின்று முடித்துவிட்டது. வலது கண்ணிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது. வெயிலும் புழுதியும் படாமல், வண்டியில் பூட்டாமல் வைத்தால் அந்த ஒரு கண்ணைக் காப்பாற்றப் பார்க்கலாம். இல்லையென்றால் முழுக் குருடு.

வலப்பக்கம் இழுத்தது ரேஸ் பழக்கம் இல்லை. இடப்பக்கம் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாத பக்கத்திலிருந்து பஸ்ஸின் ஹார்ன் சத்தம் வந்தால் எந்தப் பிராணியும் மறுபக்கம்தான் ஒதுங்கும்.

இதைப் படிக்கிறவர்களில் குதிரை வைத்திருப்பவர் எத்தனை பேரோ தெரியாது. ஆனால் வாய் இல்லாத நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காக வைத்தியத்தைச் சொல்கிறேன். அட்ரோபின் (கண்மணியை விரியவைத்து வலியைத் தணிக்கும் சொட்டு மருந்து) விட்டோம். குதிரையின் இமைக்கு இருக்கிற பலம் உங்கள் விரலுக்குக் கிடையாது. மல்லுக்கட்டினால் மருந்து தரைக்குத்தான் போகும். நெற்றியைத் தேய்த்துக்கொடுத்து, தலை தானாகத் தாழும்வரை காத்திருக்க வேண்டும். இந்த மருந்து குடலையும் மந்தமாக்கும் என்பதால், ஒழுங்காக லத்தி போடுகிறாளா என்று பார்க்கச் சொன்னாள் டாக்டர். வெளிச்சம் குத்தாமலிருக்க என் கறுப்புப் புடவையைக் கிழித்து முகத்துக்கு ஒரு திரை தைத்தேன்.

மார்கழிக் குளிரில் மைதானம் நிறையும். பெரிய நாளுக்கு (கிறிஸ்துமஸுக்கு இங்கே அப்படிப் பெயர்) விளக்குப் பார்க்க வருகிற கூட்டம் முழுக்க வண்டி ஏறும். முருகையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சீசன் மட்டும் ஓட்டிக்கிறேன் மதினி. மருந்தை வண்டியிலயே வெச்சிருக்கேன்."

"மருந்து வண்டிக்கா, குதிரைக்கா?"

அவன் பூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்தபோது செவலையின் வலது கண் சிவந்திருந்தது. அன்று தீனியைத் தொடவில்லை. இருக்கிற ஒரு கண்ணும் என் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வண்டிக் குதிரைக்குக் கண்ணோரம் இரண்டு தோல் பட்டைகள் கட்டுவார்கள். பக்கத்தில் ஓடுவதைப் பார்த்து மிரளாமல் இருக்க என்பார்கள். முருகையாவின் பட்டைகளில் ஜரிகையும் கண்ணாடிச் சில்லும் பதித்திருக்கும். மிரளாமல் இருக்க ஒரு பங்கு என்றால், புண்ணை மறைக்க மூன்று பங்கு. வண்டியை மறிக்கிற பலம் எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவன் பூட்ட வருவதற்குள், அரிவாள்மனையில் வைத்து இடது கண்பட்டையை மட்டும் அறுத்துப் போட்டேன்.

"என்ன மதினி இது?"

"அறுத்தேன்."

"தைக்கக்கூட இப்ப நேரமில்லையே."

"தைக்காம ஓட்டு. கண்ணு நல்லாருக்குன்னுதானே சொல்லுத. நாலு பேரு பாக்கட்டும்."

வீம்புக்கு ஓட்டிக்கொண்டு போனான். நான் மினிபஸ் பிடித்துப் பின்னால் போனேன்.

விக்டோரியா முன்னால் முதலில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் ஏறப் போனவள் செவலையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை இறக்கினாள். "இஷ், கண்ணைப் பாரு. வேற வண்டி பாரு, இது படத்துல விழும்" என்று புருஷனிடம் சொன்னாள். பாவம் என்று ஏறாமல் விடுவார்கள் என நான் நினைத்திருந்தேன். பாவம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினார்கள். அந்தக் குதிரையின் பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

குதிரை வண்டியையே தடை செய்ய வேண்டும் என்று அட்டை பிடித்த ஒரு பையன் ஓடிவந்து கண்ணைப் படம் எடுத்தான். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னான்.

"கொஞ்சம் அழுங்க மாஷிமா."

"எனக்கு வராது. உனக்கு வந்தா நீ அழு" என்றேன். "தடை பண்ணின பிறகு இவ எங்க போவா?"

"அதெல்லாம் சர்க்கார் பார்த்துக்கும்" என்றான். சர்க்கார் என்னைப் பார்த்துக்கொள்கிற அழகு எனக்குத் தெரியாதா?

அன்று ஒரு சவாரியும் விழவில்லை. வீம்பில் தைக்காமலே ஓட்டிய மறுநாளும் இல்லை. செவலைக்கு ஓய்வு கிடைத்தது இரக்கத்தால் இல்லை, அருவருப்பால். எதனால் கிடைத்தால் என்ன, கிடைத்ததே.

முருகையா செங்கல் சூளைக்கு விற்றுவிடுகிறேன் என்று குதித்தான்.

"வித்துக்கோ. பட்டை இல்லாம கொண்டு போ. எவன் வாங்குதான்னு நானும் கூட வந்து பாக்கேன்" என்றேன். அவன் விற்கவில்லை. வண்டியை யாருக்கோ தள்ளிவிட்டு, துறைமுகத்தில் காவல் வேலைக்குப் போனான். வெட்கத்தாலோ எதனாலோ, கொள்ளு மட்டும் வாங்கிப் போடுகிறான்.

இடது கண்ணை எடுத்துவிடலாம் என்றாள் டாக்டர். பார்வை போன பிறகும் வலி போகவில்லை, அந்த வலியோடு அவள் ஏன் வாழ வேண்டும் என்றாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முகத்தில் குழியோடு நிற்பாளே என்று தோன்றியது. பிறகு யோசித்தேன். அந்த முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆகவேண்டும்? நானும் விக்டோரியாவில் மூக்கைப் பொத்தினவர்களைப் போல நினைக்கிறேனே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. சரி என்றேன்.

அரை மயக்கத்துக்கும் மரத்துப்போகவும் ஊசி போட்டு, அவளை நிற்கவைத்தே கண்ணை எடுத்தார்கள். இமைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். கன்னம் வீங்கி, நாளடைவில் வற்றியது. வலது கண் மெல்லத் தெளிந்தது. டாக்டர் வந்து கை வீசியபோது அந்த இமை படக்கென்று மூடியது.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் கத்திக்கொண்டு வந்தாள். "குதிரை செத்துக் கிடக்கு." போய்ப் பார்த்தால் செவலை கால் நாலையும் நீட்டி, கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் கண்ணயர்வாள். கிட்டே போய் உட்கார்ந்து விலாவில் கை வைத்தேன். மெதுவாக ஏறி இறங்கியது. குறட்டை வந்தது.

யாரோ போனில் சொல்லி முருகையா வந்துவிட்டான். வரும்போதே பிணம் தூக்குகிற வண்டியையும் கூட்டி வந்திருந்தான். குதிரை வாங்கிய நாளிலிருந்து அவன் இவ்வளவு சுறுசுறுப்பாகச் செய்த காரியம் அதுதான்.

"எப்ப மதினி?"

"மெதுவாப் பேசு. தூங்குதா."

"படுத்துக்கிட்டா?"

"வலி இல்லைன்னா படுப்பா. உனக்குத் தெரியாது. வண்டிக்காரனைத் திரும்பிப் போகச் சொல்லு."

அவன் வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வெயில் கூரை விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கும்வரை இருவரும் அவள் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு எந்த வேலையும் நினைவுக்கு வரவில்லை.

செவலையிடம் இடப்பக்கமாகப் போகிறவர்கள் முதலில் குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று கொட்டகைக்கு வருகிற எல்லோரையும் பழக்கியிருக்கிறேன். நான் எந்நேரமும் அந்தப் பக்கமே நின்று பழகியதில் எனக்கும் ஏதோ ஆகிவிட்டது. இப்போது யாராவது சொல்லாமல் என் இடப்பக்கம் வந்து நின்றால் உடம்பு தூக்கிப்போடுகிறது. எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது.