தறிக்குழியில் நின்ற பிரெஞ்சு வண்டி

மருதப்பன் அத்தானை எனக்குப் பிடிக்காது. என் பெரியப்பா மகள் கோமதித்தாயைக் கட்டியவர் என்பதால் அத்தான் என்று எழுதுகிறேன். இல்லையென்றால் வேறு வார்த்தை வைத்திருக்கிறேன். சங்கரன்கோவிலில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு எனக்கு. அவருடைய பிரெஞ்சு வண்டியை ஊர் சிரிக்கத் தள்ளித் தள்ளி வீடு கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான். என் இடது தோள்பட்டை மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் அவரைத் திட்டும்.

கோமதி அக்காவின் கல்யாணத்துக்குப் பெரியப்பா பரமசிவன் கொடுத்த சீர் இரண்டு குழித்தறி. வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, தரையில் இரண்டு குழி தோண்டி, தறியையும் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மகளை அனுப்பினார். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்தபடி அக்கா நெய்வாள். ஒரு தறி அவளுக்கு, இன்னொன்றில் கூலிக்கு ஒருத்தி. கடையநல்லூர் வியாபாரி கபீர் பாய் வந்து, நெய்த சாரங்களை, அதாவது கைலிகளை, எடுத்துப் போவார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தச் சாரங்களால்தான். அத்தான் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர். அந்தச் சம்பளம் அவருடைய வெற்றிலைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் சரியாகப் போய்விடும்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் வந்து சேர்ந்தது அந்த வண்டி, ஒரு பழைய பிரெஞ்சுக் கார். சினிமாக் கொட்டகை முதலாளி எப்போதோ பாண்டிச்சேரியில் ஏலத்தில் எடுத்தது. கொட்டகைக்குப் பின்னால் கிடந்து, அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முதலாளி அதை நைசாக அத்தான் தலையில் கட்டிவிட்டார். படம் ஓட்டுகிற மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் எந்த மெஷினையும் கழற்றிப் பூட்டலாம் என்பது அத்தானின் நினைப்பு. வண்டியை ஓட வைத்துக் குற்றாலத்துக்கு டாக்சி விடப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்கா ராயகிரியில் ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்த நாள் பார்த்து வேலையைக் காட்டினார். அவள் திரும்பி வந்தபோது தறிக் கொட்டகையின் தெருப்பக்கச் சுவர் இடிந்து கிடந்தது. ஒரு தறியைக் கழற்றிக் கொல்லையில் சாத்தி வைத்திருந்தார். அந்தத் தறி இருந்த குழிக்கு மேல் வண்டி நின்றது. பாதி நெய்திருந்த பாவு நூலை அரிவாளால் அறுத்துப்போட்டிருந்தார். கோத்துப் பிணைத்து ஏற்றிய பாவை அறுப்பதற்கு ஒரு மனுஷனுக்குக் கை வருமா? அக்கா அறுந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அடியில நின்னு பாக்கக் குழி வேணும்ட்டி," என்றார் அத்தான். "உங்க அப்பா தோண்டி வச்சிருக்காரு. நல்லதாப் போச்சு."

அதற்கப்புறம் ஷோ இல்லாத நேரமெல்லாம் அவர் அந்தக் குழிக்குள்தான் கிடந்தார். அப்போது நம்மூரில் கிடைத்த ஸ்பேனர் எல்லாம் இஞ்ச் கணக்கு. அந்த வண்டியின் நட்டுகளோ மில்லிமீட்டர் கணக்கு. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி எல்லா நட்டுக்கும் மூலை மழுங்கிப்போனது. பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். எஞ்சினுக்கு வைக்க வேண்டிய கேஸ்கட்டை சினிமா போஸ்டர் அட்டையில் வெட்டி, அக்கா பாவுக்குக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைத் தடவி ஒட்டினார். குறுக்கே ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடா ஒன்று இருக்குமே, அதை எடுத்து பேட்டரி ஆடாமல் இருக்க ஆப்பு வைத்தார். கேட்டால், "வண்டி ஓடட்டும், தங்கத்துல நாடா செஞ்சு தாரேன்" என்பார்.

இத்தனைக்கும் எஞ்சின் உறுமிக் கிளம்பியது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும், தெற்கு ரதவீதி, மேற்கு ரதவீதி என்று போகும், வடக்கு ரதவீதி திரும்புகிற இடத்தில் இருமி நின்றுவிடும். எப்போதும் அதே இடம். உடனே எனக்கு ஆள் வரும். நானும் தெருவில் இரண்டு பேரும் வீடுவரை தள்ளுவோம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து சாவியைத் திருகினால் மறுபடியும் உறுமும்.

"நாகம் குறுக்க நிக்கி," என்று கோயில் வாசலில் யாரோ சொன்னார்கள். எங்கள் ஊரில் தோஷம் தீரப் பாம்பு, தேள் உருவத்தைத் தகட்டில் வாங்கி அம்மன் கோயில் உண்டியலில் போடுவது வழக்கம். அத்தான் பாம்புத் தகடு வாங்கிப் போட்டார். புற்றுமண்ணைக் குழைத்து எஞ்சின் மூடி மேல் பூசினார். அம்மனைக் கும்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெட்ரோல் கோளாறுக்கு அம்மன் என்ன செய்வாள்?

நின்ற வண்டியை ஓட வைக்காமல் ஒரு நாள் அடுத்த குண்டைப் போட்டார். வண்டி நீளமாம், பின்பக்கம் பார்க்க முடியவில்லையாம், இரண்டாவது தறியையும் கழற்றி இரண்டு குழியையும் ஒன்றாக்க வேண்டுமாம். அக்கா அன்றைக்குச் சேலையை மாற்றிக்கொண்டு நேரே அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். பெரியப்பா வந்தார். மருமகனிடம் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். பொதுவாக ஒரு முடிவு சொன்னார்.

"ஆடித்தபசுக்குள்ள வண்டி நாலு ரதவீதியும் நிக்காமச் சுத்தணும் மாப்ள. சுத்திட்டா ரெண்டு குழியும் உங்களுக்கு. நின்னுச்சுன்னா வண்டி போகணும், தறி திரும்ப ஏறணும்."

அத்தான் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மிச்சமிருந்த அந்த ஒரு தறியும் போனால் அவள் அடுப்பும் போய்விடும்.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். சாரம் எடுக்க வந்த கபீர் பாயோடு அவர் மனைவி ஆயிஷம்மாளும் வந்திருக்கிறாள். அவள் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்கால்காரி. அத்தான் மேட்னி ஷோ ஓட்டப் போயிருந்த நேரம். வண்டியைப் பார்த்ததும் ஆயிஷம்மாளுக்கு ஒரே சிரிப்பு. கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தாள். ஸ்டியரிங்குக்கு அந்தப் பக்கம், பெட்ரோல் குழாயில் ஒரு திருகு இருந்தது. அதில் ஓ, எஃப் என்று இரண்டே இரண்டு இங்கிலீஷ் எழுத்து. அத்தான் தெருவுக்கே பாடம் நடத்தியிருந்தார்: ஓ என்றால் ஆஃப், எஃப் என்றால் ஃபுல். அக்காவும் அதையே சொல்லியிருக்கிறாள்.

"அது இங்கிலீஷ் இல்ல கோமதி, பிரெஞ்சு," என்றாளாம் ஆயிஷம்மாள். "ஓ-ன்னா தொறக்கறது. எஃப்-னா மூடறது. எங்க ஊர்ல கடையைச் சாத்துனா கதவுல எஃப்-ல ஆரம்பிக்கிற வார்த்தை எழுதுன பலகையைத்தான் தொங்கப் போடுவாங்க."

அவ்வளவுதான் விஷயம். அத்தான் வண்டியில் ஏறியதும் ஃபுல் என்று நினைத்துப் பெட்ரோலை மூடிவிடுவார். குழாயில் மிஞ்சியது தீர்கிறவரை வண்டி ஓடும். நின்றதும், ஆஃப் என்று நினைத்துத் திறந்துவிடுவார். நாங்கள் தள்ளிக்கொண்டு வருவதற்குள் பெட்ரோல் மறுபடி நிறைந்துவிடும். நாகமும் இல்லை, தோஷமும் இல்லை. அக்கா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவள் செய்தது சரி என்பேன். தப்பு என்கிறவர்கள் தங்கள் தறியைக் கொண்டுவந்து அறுக்கக் கொடுக்கட்டும்.

ஆடித்தபசுத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் வண்டி கிளம்பியது. பின்சீட்டில் பெரியப்பாவும் நானும். முன்னால் அத்தானுக்குப் பக்கத்தில் அக்கா. அவள் முழங்காலுக்கு நேர் மேலே அந்தத் திருகு. அத்தான் எட்டி எஃப் பக்கம் திருப்பி, "ஃபுல்லு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எடுத்தார். தெற்கு ரதவீதி போனது. மேற்கு ரதவீதி போனது. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அக்கா இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்திருந்தாள், விரல் வெளுக்கிற அளவுக்கு. வடக்கு ரதவீதி முக்கில் வண்டி இருமியது.

"ஏலே, தள்ளு!" என்றார் அத்தான் என்னைப் பார்த்து.

"தள்ளுனா நின்னதா ஆயிரும் அத்தான்," என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பெரியப்பா கதவைத் திறந்து இறங்கி நடந்தார். பிறகு வழக்கம்போல வீடுவரை தள்ளினேன்.

வண்டியை யாருக்குக் கொடுப்பது என்று அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது கபீர் பாயே வந்து கேட்டார். காரைக்காலில் இருக்கிற மச்சினனுக்கு வேண்டுமாம். ஆயிஷம்மாளைப் பின்னால் ஏற்றிவிட்டு அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். திருகு ஓ பக்கம் இருந்தது.

"பாய், எஃப்-ல வையும். இல்லேன்னா பெட்ரோல் வராது," என்றார் அத்தான்.

"இல்ல அண்ணாச்சி, ஓ-லதான் இருக்கணும். எஃப்-னா மூடுனது," என்றார் பாய். "அன்னைக்கே எங்க வீட்டுல சொல்லிட்டுப் போனாங்களே. தங்கச்சி உங்ககிட்ட சொல்லலையா?"

வண்டி கிளம்பியது. அத்தான் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார். நானும் பின்னால் போனேன், பார்க்காமல் எப்படி இருப்பது? வடக்கு ரதவீதி முக்கில் வண்டி நிற்கவில்லை, இருமவுமில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பி மறைந்துவிட்டது. அத்தான் மடித்துக்கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுத் திரும்பினார்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்கா கொட்டகையில் குனிந்து குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் கறுப்பாக ஆயில் தேங்கிக் கிடந்தது.

"ஏட்டி, ஒனக்கு முன்னமே தெரியுமா?" என்றார் அத்தான்.

"தெரியும்."

"அன்னைக்கு வண்டியில பக்கத்துலதானட்டி இருந்த? கையை நீட்டுனா எட்டுமே!"

"எட்டும்," என்றாள் அக்கா. தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உள்ள எறங்கி அந்த ஆயிலை வழிச்சு எடுங்க. நாளைக்குத் தறி பூட்டணும்."