உட்காரக் கட்டிய டெக்

துபாயில் மாமாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா தயங்காமல் சூப்பர்வைசர் என்பாள். கூடப்பிறந்த தம்பி மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். மாமாவிடமே கேட்டால் உண்மை வந்துவிடும். கடலோர ஹோட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர்கள் அலையைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடும் மரத்தளத்தைக் கழுவி எண்ணெய் பூசுகிற வேலை. அந்தத் தளத்துக்கு டெக் என்று பெயர். வருஷக்கணக்கில் அதன் மேல் முட்டி போட்டு நகர்ந்த மனிதர் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை. வேலைக்காரர்கள் உட்காரக் கூடாதாம்.

அதனால்தான் விசாவை முடித்துக்கொண்டு வந்ததும் வீட்டுக்கு ஓடு மாற்றாமல் கொல்லையில் டெக் போட்டார். கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீடும் அவர் வீடும் அடுத்தடுத்து இருந்தன. கொல்லையில் நின்றால் கடல் தெரியும். காரைக்குடி மரக்கடையில் சொல்லிவைத்து வரவழைத்த மலேசிய மரம் அது. ஆணி இறங்கவில்லை. மெஷினால் துளை போடப் பார்த்த ஆசாரி அதன் ஊசியை ஒடித்துக்கொண்டு மாமாவை முறைத்தார். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கல் மாதிரி அடியில் போய்க் கிடந்தது. கடலுக்குப் போகிறவர்கள், கப்பலை எப்போது தண்ணீரில் இறக்கப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மாமா வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று மாமியிடம் சொல்லியிருந்தார். கல்யாணமானதிலிருந்து பாதிக் குடித்தனத்தைப் போனிலேயே நடத்தியவள் மாமி. அவளே கடைக்குப் போய் இரண்டு நாற்காலி வாங்கி வந்தாள்.

ஆனால் மாமாவுக்கு உட்கார வரவில்லை. ஒரு வாய் டீ இறங்குவதற்குள் பலகை இடுக்கில் மணல் கண்ணில் படும். குச்சியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். காலைக் கழுவாமல் யாரும் ஏறக் கூடாது, ஈர டம்ளரை வைக்கக் கூடாது, வளையம் விழும். எண்ணெய் போடும் நாளில் பேச்சே கிடையாது. துணியில் தொட்டு, ரேகை ஓடும் பக்கமாகவே மெல்லிசாகத் தேய்த்து, ஊறியது போக மிச்சத்தைத் துடைத்தெடுப்பார். போடாவிட்டால் வெயிலில் மரம் நரைத்துவிடும், நரைத்தாலும் பயமில்லை, சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் விட்டால் பழைய நிறம் வந்துவிடும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். மாமி முக்காட்டை ஒதுக்கி நெற்றிமேல் நரைத்த முடியைக் காட்டினாள்.

"இதுக்கு என்னத்தப் போடுவீங்க?"

மாமா துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

பிறகு ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குனிந்து நிமிர்ந்து எந்த வேலையும் செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல்நாள், என்னைப் பெற்ற அத்தாவைத் துணைக்கு வைத்துவிட்டு மாமி மட்டும் ஊருக்கு வந்தாள். டெக் காய்ந்து வெளுத்திருந்தது. மாமாவின் எண்ணெய் டின் காலி. மாமி யோசிக்கவே இல்லை. படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைப் பக்கத்துத் தெருவில் வாங்கிவந்து மொத்தமாக ஊற்றி, விளக்குமாற்றால் இழுத்துவிட்டாள். கடலிலேயே கிடக்கும் படகு கெடாதபோது கொல்லையில் கிடக்கும் பலகை கெட்டுவிடுமா என்பது அவள் கணக்கு.

"நாளைக்கி வந்தா அவருக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது புள்ள. ஒக்காரணும். அம்புட்டுதான்."

மறுநாள் கார் வந்து நின்றபோது ஊர்ப் பூனையெல்லாம் டெக்கில் இருந்தன. நக்கிக்கொண்டிருந்தவை பாதி, நக்கிவிட்டுப் படுத்திருந்தவை பாதி. மாமா மூக்கைச் சுளித்தார், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்கும் முன்பே சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புத் தண்ணீரும் பிரஷும் கேட்டார். யாரும் எடுத்துக் கொடுக்காததால் அவரே போய் எடுத்துவந்து முட்டி போட்டார்.

"எந்திரிங்க. டாக்டரு என்ன சொன்னாரு?" என்றாள் மாமி.

"ஊறிப்போச்சுன்னா வாடை போகாது. இந்தா, முடிச்சிட்டு ஒக்கார்றேன்."

மாமி இரண்டு டம்ளர் டீயோடு கொல்லை வாசற்படியில் நின்றாள். அத்தா கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்வரை மாமா முட்டி போட்டே இருந்தார். ஆறிப்போன டீயை மாமி முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மாமா மவுத்தாகிவிட்டார். மீன் எண்ணெயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. புருஷனை இழந்தவள் வெளியே வராமலிருக்கும் இத்தா நாட்களில் மாமி அறைக்குள்ளேயே இருந்தாள். கொல்லைக் கதவைத் திறக்கவும் ஆளில்லை. மழையும் வெயிலும் மாறிமாறி அடித்து, டெக் சாம்பல் நிறமாக நரைத்துவிட்டது.

இத்தா முடிந்த அன்று சாயங்காலம் மாமி டீயோடு கொல்லைக்கு வந்தாள். நாற்காலி இருந்தும் வெறும் பலகையில் உட்கார்ந்தாள். டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். எடுத்துக் குடித்துவிட்டு வேறு இடத்தில் வைத்தாள். ஒவ்வொரு இடத்திலும் வளையம் விழுந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு புள்ள. கெடக்கட்டும்."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. மாமாவுடைய டெக்கை மாமி வேண்டுமென்றே நாசமாக்குகிறாள் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மாமியை ஒட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அழ ஆரம்பித்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய் விட்டால் பழைய நிறம் வந்துவிடும், மாமாவே சொல்லியிருக்கிறார், இதற்குப் போய் ஏன் இவ்வளவு அழுகிறார்கள் என்றுதான் துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.