உப்பு தொடாத கை

சுனாமிக்கு மறுவருஷம் அக்காவுக்கு வளைகாப்பு. அவளுக்கு அடுக்கி முடித்ததும் வந்திருந்த பெண்களுக்கெல்லாம் வளையல்காரம்மா போட்டுவிட்டார். என் முறை வந்தது. விரல் முட்டிகளைச் சேர்த்து அவர் ஒரு அழுத்து அழுத்தியதுதான் தாமதம், அலறிவிட்டேன்.

"இன்னா பொண்ணு, வளையலே இன்னும் ஏறல, அதுக்குள்ள இந்தக் கத்து கத்துற?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் என் கையை இழுத்துப் பார்த்தாள். இரண்டு மாதமாகக் காலையில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் விரல்கள் விறைத்துக்கொள்வதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"நீ உப்பைத் தொட்டதே இல்லியேடி," என்றாள்.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். முப்பது வயதிலேயே அவள் விரல்கள் வீங்கிக் கோணிப்போயின. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளுக்குப் பதிலாக எங்கள் இருவரில் ஒருத்தி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா எங்கள் கைகளை விரித்துப் பார்த்தாள். "சின்னவ கை அப்படியே என் கை. உப்பு தாங்காது. பெரியவ போகட்டும்." எட்டாவதோடு அக்கா உப்பளத்தில் இறங்கினாள். நான் காலேஜ் முடித்து பாண்டியில் ஒரு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

பாண்டி டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "முடக்குவாதம். வீட்ல வேற யாருக்காவது இருக்குதா?" என்றார்.

அம்மா தன் கையை நீட்டினாள். "இது உப்பால வந்ததுங்க."

"உப்பு இல்லம்மா. பெரிய பொண்ணு பத்து வருஷமா உப்புல நிக்கிறாங்கன்னு சொல்றீங்க, அவங்களுக்கு ஒண்ணுமில்லையே. இது வரக்கூடிய உடம்பு சிலருக்குப் பொறப்புலயே அமைஞ்சிடுது. அப்பவும் சிலருக்கு வரும், சிலருக்கு வராமலே போகும். கையைப் பார்த்துச் சொல்ல முடியாது."

அப்படியானால் எதிலிருந்து என்னைக் காப்பாற்றினார்கள்? அக்காவின் படிப்பு எதற்காகப் போனது? பஸ்ஸில் அம்மாவை விட்டு வேறு சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்திருந்தால் கத்தியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்குப் பெண் பிறந்தது. அம்மா குழந்தையின் முகத்தை முதலில் பார்க்கவில்லை. மூடியிருந்த பிஞ்சுக் கையைப் பிரித்து விரல்களைத் தடவினாள். அக்கா வெடுக்கென்று குழந்தையை இழுத்துக்கொண்டாள்.

"பார்க்காதம்மா. இவ கையைப் பார்த்து நீ ஒண்ணும் முடிவு பண்ண வாணாம். இவ படிப்பா."