மீன் இல்லாத பந்தி

என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலைக்குக் கூட்டிப் போனோம். பையனும் அவனுடைய அம்மாவும் நாகர்கோவிலிலிருந்து காரில் வந்திருந்தார்கள். பையனுக்கு அப்பா இல்லை. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்த்தும் ஆயிற்று. அந்தம்மா வாயிலிருந்து சரி என்ற சொல் மட்டும் வரவில்லை. ஒரு நாள் முழுக்க உங்களோடு இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். அந்த ஒரு நாள்தான் அது.

நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் வேலை பார்க்கிறேன். ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்தேன். திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பது வருடமாகிறது. மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. புது மனிதர்களிடம் எந்த மொழியிலும் பேச்சு வராது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் என் மனைவிதான் எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தாள். கல்லாற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஊண், மத்தியானச் சாப்பாடு, போடுவார்கள், மரச்சீனிக் கிழங்கும் ஆற்றுமீன் கறியும் அவ்வளவு ருசியாக இருக்கும், இவருக்கு நன்றாகத் தெரிந்த இடம் என்று வழியெல்லாம் சொன்னாள்.

தெரிந்த இடம்தான். முன்பு மண்டி லாரியில் மலையோரக் கடைகளுக்கு மூட்டை கொண்டு போகும்போது அங்கேதான் மத்தியானச் சோறு. ஒரு அம்மா தன் வீட்டு முன்னறையில் நான்கு பெஞ்சு போட்டு, தானே சமைத்து, தானே பரிமாறுவார்கள். நான் வாய் திறந்து கேட்கமாட்டேன் என்று தெரிந்து, கேட்காமலே இரண்டாவது மீன் வைப்பார்கள். லாரி வேலையை விட்டு எட்டு வருடமாயிற்று. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகிவிட்டது. முற்றத்தில் பெரிய பந்தல், ரோட்டோரம் வரிசையாக வண்டிகள். தொழில் இவ்வளவு வளர்ந்துவிட்டதே என்று நினைத்தேன். வாசலில் ஏதோ மலையாளத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அன்றைய கறிகளின் பட்டியலாக இருக்கும் என்று தாண்டிப் போனேன். வேட்டி கட்டிய ஒருவர் கைகூப்பி எங்களை உள்ளே அழைத்துப் போனார். பையன் காரை ஓரம்கட்டிவிட்டு என் மகளோடு பின்னால் வந்தான். ஐந்து பேருக்கும் ஒரே வரிசையில் இலை விழுந்தது.

பருப்பு, சாம்பார், ஓலன், அவியல் என்று வந்துகொண்டே இருந்தன. மீன் மட்டும் வரவில்லை.

"எல்லாம் சைவமால்லா இருக்கு. மீனுன்னு சொன்னியளே, மைனி" என்று அந்தம்மா என் மனைவியிடம் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போல என்று அவள் சமாளித்தாள். ஆனாலும் அந்தம்மா ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது.

மூட்டை தூக்கியவனுக்குச் சோற்றில் வேகம். நான்தான் முதலில் எழுந்து கை கழுவப் போனேன். கழுவுகிற இடத்துக்கு எதிரே வீட்டின் ஜன்னல். அதன் வழியாக உள்ளே ஒரு விளக்கும், மாலை போட்ட ஒரு படமும் தெரிந்தன. படத்தில், எனக்கு இரண்டாவது மீன் வைத்த அம்மா.

குழாயை மூடக்கூட மறந்து நின்றேன். பக்கத்தில் கை கழுவியவர், இன்று பதினாறாம் நாள் காரியம், அடியந்திரம், திடீரென்று போய்விட்டாள் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஊணுக்குப் பணம் கொடுக்கலாம் என்று சட்டைப் பைக்குப் போன என் கை அப்படியே நின்றது. கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களைக் கூட்டிவந்து துட்டி வீட்டில் உட்கார வைத்திருக்கிறேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் திரும்பி வந்தேன். அந்தம்மா இலையிலிருந்து நிமிர்ந்து, "பாயசம் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்கள். நான் பரிமாறுகிறவரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். வேறு எதுவும் எனக்கு வரவில்லை. அவர்கள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

கை கழுவிவிட்டு எல்லோரும் கிளம்பும்போது, இறந்தவரின் கணவர் என்னைப் பார்த்துவிட்டார். லாரிக்காரனாக என்னை நினைவு வைத்திருந்தார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "வந்நல்லோ, அது மதி" என்று அழுதார், வந்தாயே, அது போதும் என்று. கேள்விப்பட்டு இவ்வளவு தூரம் குடும்பத்தோடு நான் வந்திருப்பதாகச் சுற்றி நின்றவர்களிடமும் சொன்னார். படத்துக்கு முன்னால் எங்களை அழைத்துப் போய் ஆளுக்குக் கொஞ்சம் பூவை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்தம்மா பூவைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பூவைப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

கார் கல்லாற்றுப் பாலத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள்.

"துட்டி வீட்டுச் சோறு தின்னுட்டு மலை ஏறப்பிடாது. எல்லாரும் இறங்கித் தலை முழுகுங்க."

பதினாறு கழிந்தால் தீட்டு இல்லையே என்று என் மனைவி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்தம்மா அதற்குள் பட்டுச்சேலையோடு தண்ணீருக்குள் போய்விட்டார்கள். கரையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த குடும்பங்களெல்லாம் எங்களையே வேடிக்கை பார்த்தன. முழங்கால் ஆழத்தில் உருளைக்கல்லுக்கு நடுவே உட்கார்ந்து, ஐந்து பேரும் தலையை நனைத்துக்கொண்டோம். தண்ணீர் பனி மாதிரி இருந்தது.

கரையேறியதும் நேராக என்னிடம் வந்தார்கள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

கை கழுவும்போது என்றேன்.

"அப்ப நான் ரெண்டாவது பாயசம் கேட்டனே?"

"தெரிஞ்சுதான் விடச் சொன்னேன்" என்றேன். பேச வாய் வரவில்லை, பயம், மன்னிக்கணும் என்றும் சொன்னேன். அந்தம்மாவிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்தேன். என் மனைவி அழ ஆரம்பித்திருந்தாள்.

அப்போது என் மகள் சொன்னாள்.

"எனக்கு வாசல்லயே தெரியும், அத்தை. ஒட்டியிருந்ததை வாசிச்சேன்."

நான் திடுக்கிட்டுப் போனேன். அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாசிச்சிட்டா போய் உக்காந்தே?"

"அப்பா முன்னாடியே உள்ள போயிட்டாங்க. இலை போட்டுக் கூப்பிட்டவங்க முன்னாடி எந்திரிச்சுப் போனா, செத்த வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருக்கும்? அதான் இருந்து சாப்பிட்டிட்டுப் போவோம்னு நினைச்சோம்."

"நினைச்சோம்னா?"

பையன் தலையைத் துவட்டுவதை நிறுத்தினான். "எங்கிட்ட சொன்னாம்மா. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுது."

அந்தம்மா மகனையே பார்த்தார்கள். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அங்கே கடைசிவரை தெரியாமல் சாப்பிட்டது அவர்களும் என் மனைவியும் மட்டும்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல என்னா?" என்றார்கள். முந்தானையைப் பிழிந்தார்கள். பிழிந்து முடித்தும் விடாமல் பிழிந்துகொண்டே இருந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேந்து முடிவெடுக்க ஆரம்பிச்சாச்சு, மைனி. இனி நான் சரின்னு சொன்னா என்ன, சொல்லாட்டா என்ன? நாள் பாருங்க."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. என் மனைவி அழுகையை நிறுத்த மறந்து, நனைந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் மகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க முடிந்தது. இத்தனை வருடமாக, என்னைப் போல வாயில்லாப் பெண் என்றல்லவா அவளை நினைத்திருந்தேன்?

மலைக்கு இனி வேண்டாம், குளிருகிறது என்று அந்தம்மா காரில் ஏறினார்கள். பொன்முடியை அவர்கள் இன்றுவரை பார்க்கவில்லை.