மழைக்காக உப்பை விட்டவர்

போன வாரம் எங்கள் எஸ்டேட்டில் காபி பூத்தது. சரிவெல்லாம் வெள்ளை. பனிமூட்டத்தோடு அந்த வாசனையும் ஏறி வரும்போது நடக்கிறோமா, மிதக்கிறோமா என்றே தெரிவதில்லை. இந்தப் பூவுக்கெல்லாம் நான்தான் காரணமாம்... சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

மாசியில் சேலத்து டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, பாதரசத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரத்தக் கொதிப்பு!

"உப்பைக் குறைங்க. காபியை விடுங்க. கத்தாதீங்க. சாயங்காலம் மெதுவா நடங்க. இல்லாட்டா அடுத்த வருஷத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லே."

காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் காபி கூடாது. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட்டால் கீழே ஒண்டிக்கடை முக்கு வரை கேட்கும் என் குரலும் கூடாது. அப்புறம் நான் எதற்கு?

ஆனால் பயந்துவிட்டேன். நிஜமாகவே பயம். உப்பில்லாக் கஞ்சி குடித்தேன். ஆட்களிடம் முணுமுணுத்தேன். சாயங்காலம் மலையுச்சிச் சேர்வராயன் கோயில் பாதையில், மேகத்துக்குள் கனவில் போகிறவனைப் போல நடந்தேன். காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை — நோயாளி என்றால் எஸ்டேட் துரை வேறு ரைட்டர் தேட மாட்டாரா? அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வருஷம், காபி மொட்டை விரிய வைக்கும் பூ மழை தள்ளிப்போனது. செடிகள் மொட்டோடு வாடின. பூக்காவிட்டால் பழம் ஏது, பறிக்க வேலை ஏது? உப்பை விட்டு, கோபத்தை விட்டு, கோயில் பாதையில் நடக்கிற மனிதனைப் பார்த்து லைன் வீடுகளில் குடியிருக்கும் கூலி ஜனங்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"ஏனுங்க ரைட்டரய்யா, மழைக்குத்தானுங்க உப்பில்லா வெரதம்?" என்றாள் பழம் பறிக்கும் பொன்னாயி. ஆமென்றும் இல்லையென்றும் படாமல் தலையை ஆட்டிவைத்தேன்.

ஒருநாள் ஊறுகாய் ஜாடியில் கையே வைத்துவிட்டேன். வாசலில் பொன்னாயி கத்தினாள்: "மேக்கால இருட்டிக்கிட்டு வருதுங்க!" திருடன் போலக் கையை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் மழை கொட்டியது.

பூத்ததும் பொன்னாயி உப்புப் பொங்கல் கொண்டுவந்தாள். "வெரதத்த முடிச்சுக்குங்க சாமி. நொம்ப இளைச்சுட்டீங்க."

ஒரு வாய் போட்டேன். ஆஹா... கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அடுத்த வருசமும் மறக்காம இருக்கோணுங்க" என்றாள்.

அடுத்த வருஷம்! டாக்டர் தர மாட்டேன் என்றதை எவ்வளவு சுலபமாகத் தந்துவிட்டாள்!

மிச்சப் பொங்கலை மெல்லத் தள்ளி வைத்தேன்.